கட்டில் போல்ட்

என்ஜினை நிறுத்துகிற ஸ்டாப் ஒயரை இழுத்தேன். அது கையோடு வந்துவிட்டது.

என்ஜின் நிற்கவில்லை. டிராக்டருக்குப் பின்னால் அப்பாவின் சட்டைக் கை, சுழல்கிற ஷாஃப்டில் மாட்டிக் கயிறு திரிப்பதுபோல் முறுக்கிக்கொண்டிருந்தது. அப்பா கத்தவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் யாரோ தெரியாதவன் தன் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு முகம்.

“மிதிடி! கிளட்ச்ச மிதி!” ஷாஃப்டுக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணன் கத்தினான். “முழுசா! முழுசா மிதி!”

மிதித்தேன். ஷாஃப்ட் சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

சட்டை கிழிகிற சத்தம் கேட்டது. அதற்குள் இன்னொரு சத்தமும் கேட்டது. அது என்ன சத்தம் என்று நான் எழுதப் போவதில்லை. அண்ணன் கதிரடிக்கிற மெஷினைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் ஓடினான். டீசல் பம்பில் இருக்கிற சின்ன நெம்புகோலை வலது கையால் தள்ளிப் பிடித்தான். என்ஜின் இருமி இருமி அடங்கியது. திரும்பிப் பார்த்தபோது அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். மேலே பனியன் மட்டும் இருந்தது. இடது கை மடியில் கிடந்தது, அவருடையது இல்லை என்பதுபோல்.

அம்மா அப்பாவிடம் ஓடவில்லை. முதலில் அண்ணனைத்தான் பார்த்தாள்.

“இப்ப திருப்தியாடா உனக்கு?”

பக்கத்து வீட்டுப் பால்வேன்காரர் சத்தம் கேட்டு வந்து, கேன்களை இறக்கிப் போட்டுவிட்டு அப்பாவை வண்டியில் ஏற்றினார். அண்ணனும் ஏறப் போனான். அம்மா அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள். “நீ வராத. உன் மூஞ்சிய அவர் பாக்க வேணாம்.” வண்டி போய்விட்டது. கேன்கள் எங்கள் வாசலில் நிற்கின்றன.

எனக்குப் பயமாக இருக்கிறது. அதைவிடக் கோபமாக இருக்கிறது. இந்த வீட்டில் ஒருத்தர்கூட மிச்சமில்லாமல் எல்லார் மேலும் கோபம்.

எங்கள் பழைய டிராக்டரில் இருந்து தொடங்கினால்தான் இது புரியும். அப்பா அதை வைத்துத்தான் எங்கள் நிலத்தையும் அக்கம்பக்கத்து நிலங்களையும் உழுதார், அறுவடைக் காலத்தில் கதிரடிக்கிற மெஷினை ஓட்டினார். டிராக்டரின் பின்னால் ஒரு ஷாஃப்ட் வரும். அதை மெஷினோடு மாட்டினால் டிராக்டர் நின்ற இடத்தில் நின்றுகொண்டே மெஷினைச் சுற்றும். அண்ணனுக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, அந்த ஷாஃப்ட் அவன் சட்டையைப் பிடித்து இடது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துக்கொண்டது.

அவனைத் தூக்கியபோது சட்டைப் பாக்கெட்டில் போன் அடித்துக்கொண்டிருந்ததாம். அப்பா ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும் அதைச் சொன்னார். “போன் பேசிக்கிட்டே குனிஞ்சிருக்கான். எத்தனை தடவ சொல்லியிருப்பேன்.” பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். இந்தக் காலத்துப் பசங்களே இப்படித்தான் என்றார்கள். அண்ணன் வீட்டுக்கு வருவதற்குள் அவனுக்குப் பேர் வைத்துவிட்டார்கள். ஹலோ. டீக்கடையில் ஹலோ, சலூனில் ஹலோ. சின்னப் பசங்கள்கூடக் காதில் கை வைத்து “ஹலோ, ஹலோ” என்று பின்னால் ஓடுவார்கள். அவனும் சிரித்துக்கொண்டு, இல்லாத கையைக் காதில் வைப்பதுபோல் மொட்டைக் கையைத் தூக்கிக் காட்டுவான். அதற்கு இன்னும் சிரிப்பார்கள்.

ஒரு நாள் என்னிடம் மட்டும் கேட்டான். “நான் நெஜமாவே பேசிக்கிட்டு இருந்தேனா? எனக்கு ஞாபகமே வர மாட்டேங்குது.”

“அப்பா பாத்தேன்னு சொல்றாரே,” என்றேன்.

“ஆமா. அப்ப பேசியிருப்பேன்.”

அப்பா அந்த டிராக்டரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு அப்பாவும் அண்ணனும் தேவைக்கு மட்டும்தான் பேசிக்கொள்வார்கள். அடுத்தவர் டிராக்டரை வாடகைக்குக் கூப்பிட்டு உழுதோம். அவர்கள் எல்லா நிலத்தையும் முடித்துவிட்டுக் கடைசியில்தான் எங்களுக்கு வருவார்கள். போன வருஷம் அவர்கள் வருவதற்குள் ஈரம் போய் மண் கட்டியாகிவிட்டது. அப்போதுதான் அண்ணன் சொன்னான், செங்கல் சூளைக்குப் பின்னால் அதே மாதிரி வண்டி ஒன்று புதருக்குள் கிடக்கிறது, சூளைக்காரர் தூக்கிக்கொண்டு போகச் சொல்கிறார், நாமே பண்ணிவிடலாம் என்று.

“ஒத்தக் கைய வெச்சுக்கிட்டா?” என்றார் அப்பா.

“இதோ, லெஃப்டு இருக்காளே,” என்று என் தலையில் தட்டினான். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பேர். பள்ளிக்கூட லீவு முழுக்க நான்தான் அவன் இடது கை. அவன் ஸ்பேனரைப் போட்டால் அந்தப் பக்கம் நட்டைப் பிடிப்பது நான். சின்ன போல்ட்டுகளை அவன் பல்லில் கடித்துக்கொண்டு பேசுவான். அம்மா “இரும்புச் சத்து நேரா போகுது” என்பாள்.

சூளை வண்டியில் முன்பக்கம், அதாவது என்ஜின், தேறியது. பின்பக்கக் கியர் பெட்டி வெடித்துப்போயிருந்தது. அதற்காகத்தான் இரும்புக்கடைக்குப் போனோம். கடைக்காரருக்குக் காந்தம் என்று பேர். எது கொண்டுபோனாலும் முதலில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பார்ப்பார்.

“வாப்பா ஹலோ. என்ன, தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு வந்துட்ட? இங்க வளையல் கடை இல்லையே.”

“என் இடது கைண்ணே இவ.”

“அப்ப இடது கைக்கு ஒரு டீ சொல்றேன். வலது கை தேடட்டும்.”

அண்ணன் குவியலுக்குப் பின்னால் போனவன் திரும்பி வரவே இல்லை. நான் டீயோடு போய்ப் பார்த்தேன். ஒரு டிராக்டரின் பின்பாதி அங்கே நின்றது. பெரிய சக்கரங்கள் கிடையாது. ஷாஃப்ட் மட்டும் துருப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் சின்ன வயதில் வரைந்த வெள்ளைப் பூ மட்கார்டில் இன்னும் இருந்தது.

“அண்ணே, இது எங்க வண்டிதானே?” என்று அண்ணன் காந்தத்திடம் கேட்டான்.

“உங்க வண்டியோட பின்னாடி. முன்னாடி பாதி எப்பவோ உருகி எவன் வீட்டு ஜன்னல் கம்பியாவோ நிக்குது.”

“இத ஏன் அறுக்கல?”

“உள்ள ஆயில் கெடக்குப்பா. கேஸ் கட்டர வெச்சா என்னையும் சேத்து எடைக்குப் போட வேண்டியதுதான். நாளைக்கு, நாளைக்குன்னு அப்படியே நின்னுடுச்சு.” காந்தம் அவன் கையைப் பார்த்தார். “வேணாம்பா. வேற கெடைக்கும். பொறுத்து வாங்கிக்கலாம்.”

“மழை பொறுக்காதுண்ணே,” என்றான் அண்ணன். “இதுதான் அச்சா பொருந்தும்.”

பின்பாதி வந்து இறங்கியபோது அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை அப்படியே வைத்தாள்.

“இத ஏன்டா இங்க கொண்டாந்த?”

“இரும்பு என்னம்மா பண்ணும்? நான் குனிஞ்சேன், அது சுத்துச்சு. அது மேல என்ன தப்பு?”

அம்மா எழுந்து உள்ளே போனாள். அதன் பிறகு கொல்லையில் துணி காயப்போடும்போதுகூட அந்தப் பக்கம் முகத்தைத் திருப்ப மாட்டாள். மகன் கையை எடுத்த இரும்பு, பார்க்க முடியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். அவளுக்காக அந்தப் பின்பாதியைச் சாக்குப் போட்டு மூடி வைத்தேன். அதை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பா அந்த வண்டியைப் பார்த்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “பெட்டி சரி. அந்த ஷாஃப்ட தூக்கிப் போட்டுடு. புதுசு பாத்துக்கலாம்.” இதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அண்ணனும் ஒவ்வொரு தடவையும் சரிப்பா என்றான்.

ஆனால் அப்பா அந்த லீவில் வேறு மனிதராக இருந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். லாரியில் இருந்து கழற்றிய ரேடியேட்டரைப் பொருத்துவதற்கு இரண்டு பேரும் வெயிலில் படுத்துக்கொண்டு மணிக்கணக்காகச் சண்டை போட்டார்கள், சந்தோஷமாக. ஸ்டீயரிங் ஒரு வேனுடையது, சீட் ஒரு பஸ்ஸுடையது. “இனிமே நிலத்துல டிக்கெட் கேப்பாங்க,” என்றார் அப்பா. டீசல் குழாயில் காற்று அடைத்துக்கொண்டால் வாய் வைத்து உறிஞ்சுவார். ஒரு தடவை வாய் நிறைய டீசல் வந்துவிட்டது. துப்பிவிட்டு, “உங்கம்மா டீக்கு இது பரவால்லடா,” என்றார். அம்மா உள்ளே இருந்து, “அப்ப ராத்திரிக்கும் அதையே குடிங்க,” என்றாள். அண்ணன் சிரித்துச் சிரித்து வண்டிக்கு அடியிலேயே கிடந்தான். அப்பாவும் அவனும் சேர்ந்து சிரித்து நான் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

ஷாஃப்டைச் சுத்தம் பண்ண என்னிடம் கொடுத்தது அண்ணன்தான். “நல்ல இரும்பு. அப்பா சும்மா பயப்படுறாரு. துருவ எடுத்துட்டுப் பாக்கலாம்.” கொல்லையில் உட்கார்ந்து டீசலையும் பழைய பிரஷ்ஷையும் வைத்துத் தேய்த்தேன். ஷாஃப்டை மெஷினோடு மாட்டுகிற மூட்டில் ஒரு சின்ன பின் போடுவார்கள். அது மென்மையான இரும்பு. மெஷினில் ஏதாவது சிக்கிக்கொண்டால் அந்தப் பின் உடைந்து ஷாஃப்டை விட்டுவிடும். அதுதான் அதன் வேலை. இதில் பின் இருக்க வேண்டிய ஓட்டையில் ஒரு போல்ட் இருந்தது. ஓட்டையின் அளவுக்கு மேல் ஒரு விரல் நீளம் வெளியே நீட்டிக்கொண்டு, நுனி வளைந்திருந்தது. கிரீஸ் போனதும் அதன் தலையில் நீலப் பெயிண்ட் தெரிந்தது.

“அண்ணா, இங்க பாரேன். இது நம்ம கட்டில் கலரு!” சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

எங்கள் வீட்டில் ஓர் இரும்புக் கட்டில் இருக்கிறது. அப்பாவே நீலம் அடித்தது. ஒரு காலில் போல்ட் கிடையாது, கம்பி வைத்துக் கட்டியிருக்கும். நான் ஏறிக் குதித்துத்தான் அந்த போல்ட் தொலைந்தது என்று அம்மா எப்போதும் சொல்லுவாள். விருந்தாளி வந்து கட்டிலில் உட்கார்ந்து அது கிரீச்சென்றால் போதும். “இவ ஆடின ஆட்டம்,” என்று என்னைக் காட்டுவாள்.

அண்ணன் சிரிக்கவில்லை. வீட்டுக்குள் போனான். நான் பின்னாலேயே போனேன். கட்டிலுக்கு அடியில் மல்லாக்கப் படுத்திருந்தான். மற்ற மூன்று கால்களின் போல்ட்டுகளையும் விரலால் தடவினான். வெளியே வந்தபோது தலைமுடியில் ஒட்டடை.

“அன்னைக்குக் காலைல பின் உடைஞ்சுச்சு,” என்றான், என்னிடம் இல்லை, சுவரிடம். “என்னை டீசலுக்கு அனுப்பினாரு. நான் திரும்பி வந்தப்ப மெஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. பின் கெடைச்சுதாப்பான்னு கேட்டேன். ம்னாரு.”

“இந்த போல்ட்ட அறுத்துடவாண்ணா? நீட்டிக்கிட்டு இருக்கு.”

“வேணாம். அப்படியே இருக்கட்டும்.”

எனக்கு அப்போதே பாதி புரிந்தது. மீதியைப் புரியாத மாதிரி நானே வைத்துக்கொண்டேன்.  அவன் வேலை செய்யும்போது பாடுவதை நிறுத்திவிட்டான், அவ்வளவுதான். அப்பா ஜோக் அடித்தால் கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பான்.

நேற்று எனக்குக் கிளட்ச் பழக்கினான். இந்த வண்டியின் கிளட்ச்சில் இரண்டு படி. முதல் படி வரை மிதித்தால் சக்கரம் மட்டும்தான் நிற்கும். அங்கே ஒரு முட்டு தட்டும். அதைத் தாண்டி அடி வரைக்கும் மிதித்தால்தான் பின்னால் ஷாஃப்டும் நிற்கும். நாங்கள் போட்டது லாரி ஸ்பிரிங். உட்கார்ந்தபடி முடியாது. எழுந்து நின்று, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, உடம்பை மொத்தமாக அதன் மேல் போட வேண்டும். “இன்னொரு தடவ,” “இன்னொரு தடவ,” என்று எத்தனை தடவை மிதிக்க வைத்தான்! கடைசியில், “போதும், என் தங்கச்சி யானை,” என்றான்.

இன்று சாயங்காலம் வானம் கறுத்திருந்தது. மழை வருவதற்கு முன்னால் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று அப்பா கடையில் இருந்து பன் எல்லாம் வாங்கி வந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். என்ஜின் முதலில் வெள்ளையாய்ப் புகைத்தது, அப்புறம் கறுப்பாய், அப்புறம் பிடித்துக்கொண்டது. அப்பா அண்ணனின் தோளைப் பிடித்து உலுக்கினார். “ஓடுதுடா! டேய், ஓடுதுடா!” கண் கலங்கியிருந்தது. நான் சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

“மெஷினையும் மாட்டி வெச்சிருக்கேன்பா. அதையும் சுத்திப் பாத்துடலாம்,” என்று அண்ணன் பின்னால் இருந்த சாக்கை உருவினான்.

அப்பா பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றது.

“இத தூக்கிப் போடச் சொன்னேன்ல?”

“நல்ல ஷாஃப்டுதானேப்பா. பின்னுதான் கொஞ்சம் நீளம்.” அண்ணன் என்னைப் பார்த்தான். “லெஃப்டு, போடு.”

ஷாஃப்டைச் சுற்ற வைக்கிற நெம்புகோலைத் தள்ளினேன். ஷாஃப்ட் சுற்றத் தொடங்கியது. அவன் சொன்னான், நான் செய்தேன். அவன் என்ன செய்யப்போகிறான் என்று சொல்லாமலே என்னை அந்த சீட்டில் உட்கார வைத்திருந்தான்.

“ஆஃப் பண்ணச் சொல்லுடா அவள.”

“பண்றேன். அன்னைக்கு எனக்கு என்ன ஆச்சுன்னு ஊருக்கெல்லாம் சொன்னியேப்பா, அத இங்க நின்னு எனக்கு ஒரு தடவ சொல்லு.”

“போன் வந்துச்சு. நீ எடுத்து…”

“போன் பாக்கெட்ல இருந்துச்சு. நான் பேசினத நீ பாத்தியா? இதப் பாத்துச் சொல்லு. இந்த போல்ட்டப் பாத்துச் சொல்லு.”

“எல்லாரும் போடுறதுதான்டா. பின் கெடைக்கலன்னா ஏதோ ஒண்ணப் போட்டு வேலைய முடிப்பாங்க. எனக்குத் தெரியுமா இப்படி ஆகும்னு?”

“ஆகும்னு தெரியாது. சரி. ஆனப்புறம் தெரியும்ல? அப்புறமும் ஏன் ஹலோன்னு கூப்பிட விட்ட?”

அம்மா ஈரக் கையோடு வெளியே வந்தாள். “எதுக்குடா கத்துற? அந்த போல்ட்ட நான்தான் கட்டில்ல இருந்து கழட்டிக் குடுத்தேன். போதுமா? ஆளுங்க சும்மா உக்காந்திருக்காங்க, ஏதாச்சும் இருந்தா குடுன்னாரு. குடுத்தேன்.”

அண்ணன் அவளைப் பார்த்தான். இதை அவன் எதிர்பார்க்கவில்லை. அப்பாவுக்கு மட்டும்தான் தயாராகி வந்திருந்தான்.

“உனக்கும் தெரியுமா?”

“அவரு செத்துப் போயிருப்பாருடா. ஊரு என்ன சொல்லும்? பெத்த அப்பனே கைய எடுத்துட்டான்னு சொல்லும். தாங்கியிருக்க மாட்டாரு.”

“நான்?”

“நீ சின்னப் பையன்,” என்றாள் அம்மா. “தாங்கிக்குவேன்னு நெனச்சேன்.”

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு சத்தத்திலும் அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கட்டில் கிரீச்சிடும்போதெல்லாம் என்னைக் கைகாட்டியது ஞாபகம் வந்தது. தன் கையால் கழற்றிக் கொடுத்துவிட்டு, அதே கையால் என்னைக் காட்டியிருக்கிறாள். விருந்தாளிகள் சிரிக்க, நானும் வெட்கப்பட்டுச் சிரித்திருக்கிறேன். உடம்பெல்லாம் சூடாகிவிட்டது எனக்கு.

அப்பா திடீரென்று சட்டைக் கையைக்கூட மடிக்காமல் ஷாஃப்டுக்கு மேல் கையை நீட்டினார்.

“கைதானே வேணும்? எடுத்துக்கடா. இந்தா. அப்பவாவது உன் கணக்கு தீருமா?”

“நகருப்பா. நான் ஒரு வார்த்தைதான் கேட்டேன். நகரு!”

“எடுத்துக்க!”

அவர் நிஜமாகக் கொடுக்க வரவில்லை. எனக்கு நிச்சயமாகத் தெரியும். கொஞ்சம் தள்ளித்தான் பிடித்திருந்தார், பயமுறுத்துவதற்கு. ஷாஃப்ட் எவ்வளவு தடிமனோ அந்த அளவுக்குத் தள்ளி. போல்ட் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை மட்டும் அவர் அந்தக் கோபத்தில் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. சுற்றும்போது அது கண்ணுக்கும் தெரியாது.

மீதியை முதலிலேயே எழுதிவிட்டேன்.

மழை இன்னும் பெய்யவில்லை. அம்மா போன் பண்ணினாள். எலும்பு இரண்டு இடத்தில் போயிருக்கிறதாம், நரம்பு எப்படி என்று காலையில் திறந்து பார்த்துத்தான் சொல்வார்களாம். கை இருக்குமா என்று கேட்டேன். “வாய மூடு,” என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “யாராச்சும் கேட்டா சட்டை மாட்டிக்கிச்சுன்னு சொல்லுங்க. வேற எதுவும் சொல்லாதீங்க ரெண்டு பேரும்,” என்றாள். இன்னும் அதே வேலைதான் செய்கிறாள். நான் போனை வைத்துவிட்டேன்.

அண்ணன் சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பன் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. என்ன சொன்னாள் என்று கேட்டான். சொன்னேன். 

“ஸ்டாப் ஒயர் நான் கட்டினது. ஒத்தக் கையால இறுக்கினது. என் தப்பு,” என்றான்.

“சரி.”

“ஆனா கிளட்ச்…” நிறுத்தினான். என்னைப் பார்க்காமல்தான் கேட்டான். “நேத்து அத்தனை தடவ முழுசா மிதிச்சியேடி.”

“கால் வழுக்கிடுச்சு.”

“செருப்புகூட போடல நீ.”

“பயத்துல வலு வரலண்ணா.”

அவன் தலையை ஆட்டினான். நம்பினானா தெரியவில்லை. எழுந்து போய்ப் படுத்துவிட்டான். தூங்குகிற மூச்சுச் சத்தம் வரவில்லை, அவனும் தூங்கவில்லை.

அவன் ‘முழுசா மிதி’ என்று கத்தியபோது நான் எழுந்துதான் நின்றேன். ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். நேற்று மாதிரியே எல்லாம் செய்தேன். முதல் படி வந்தது, முட்டு காலில் தட்டியது. அது முதல் படி என்று எனக்குத் தெரிந்தது. அதைத் தாண்டினால்தான் ஷாஃப்ட் நிற்கும் என்றும் தெரிந்தது. அந்த இடத்தில் என் கால் நின்றது. திரும்பி அப்பா முகத்தைப் பார்த்தேன், அப்புறம் அம்மாவைப் பார்த்தேன், அப்புறம்தான் இன்னும் அழுத்தினேன். அதற்குள் சட்டை கிழிந்துவிட்டது.

பயத்தில் நின்றிருக்கலாம். லாரி ஸ்பிரிங், எனக்கு வலு பத்தாமல் போயிருக்கலாம். அப்படித்தான் இருக்கும், நான் என்ன கொலைகாரியா. ஆனால் அந்த நொடியில் எனக்கு நடுக்கமே இல்லை, இப்போதுதான் நடுங்குகிறது. அப்படியென்றால் என் கால் அங்கே எதற்காக நின்றது?